பாட்டு வீட்டை அதிர வைக்குது, பேச்சு மட்டும் கேட்கவில்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிவிடி பிளேயரைப் பற்றியவை. மாரி மழைக்கு வீட்டுக்குள் இருந்த நேரம் அலுமாரிக்கு மேல் கிடந்த டெக்கை இறக்கித் தூசி தட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் போல. எனக்கு அது சந்தோஷம். ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருப்பதால் ஒவ்வொன்றையும் ஒருவர் பெயரில் வைத்துப் பதில் சொல்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று. பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ரிமோட்டில் செட்டப் என்ற பொத்தானை முதலில் அழுத்துங்கள். பழுது என்று சொல்லி என்னிடம் கொண்டு வந்த பிளேயர்களில் கனக்க நான் ஒரு ஸ்க்ரூவும் கழற்றாமலே திருப்பிக் கொடுத்தவை. பின்னால் என்ன டிவி கொழுவியிருக்கிறது, எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது செய்தவன் நினைத்த ஏதோ ஒரு வீட்டுக்கு ஏற்றபடி படத்தையும் சத்தத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: அண்ணா, கட்டாரில் இருந்து வந்த தம்பி ஒரு டிவிடி பிளேயர் தந்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் எங்கள் பழைய டிவியில் சரியாகத்தான் கொழுவியிருக்கிறோம். பாட்டு வந்தால் வீடு அதிருது, ஆட்கள் கதைப்பது மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்குது. அம்மாவுக்கு 74 வயது, காதும் கொஞ்சம் மந்தம், ஒன்றும் விளங்கவில்லை என்கிறார். கடையில் காட்டினோம், லென்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றவா?
(உப்புவெளி வாசகி)

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. லென்ஸ் பழுதானால் டிஸ்க்கையே வாசிக்காது, அல்லது படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்று நின்று வரும், பேச்சை மட்டும் தேடிப் பிடித்துக் குறைக்கிற லென்ஸ் எங்கேயும் இல்லை.

உங்கள் பிளேயர் 5.1 சத்தம் தருகிற வகை என்று நினைக்கிறேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சத்தத்துக்கு மட்டும் ஆறு ஓட்டை இருக்கும். முன்னால் இடது, வலது, நடு, பின்னால் இரண்டு, கும்மென்ற அடிச்சத்தத்துக்கு ஒன்று. அந்த கடைசி ஒன்றைத்தான் புள்ளிக்குப் பிறகு வருகிற 1 என்று எழுதுகிறார்கள். இப்படி ஆறாகப் பிரித்துப் பதிந்த படத்தில் ஆட்கள் கதைப்பது பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும், பாட்டும் வாத்தியமும் இடம் வலமாகப் போகும். உங்கள் வீட்டில் வெள்ளையும் சிவப்பும் கொழுவியிருப்பது இடம், வலம் என்ற இரண்டு ஓட்டையில். பிளேயர் இந்த வீட்டில் ஆறு ஸ்பீக்கர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பேச்சை ஒழுங்காக நடு ஓட்டைக்கு அனுப்புகிறது, அங்கே வயரே இல்லை, அம்மாவுக்குக் கேட்பது பக்கத்து ஓட்டைகளில் கசிந்து வருகிற மிச்சம்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. டிஸ்க்கை நிறுத்துங்கள், ஸ்டொப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். இது முக்கியம், ஏனென்றால் பல பிளேயர்களில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டப்பின் சில பக்கங்கள் மங்கலாகத் தெரியுமே தவிர உள்ளே போக விடாது. பிறகு செட்டப், அதில் ஸ்பீக்கர் அல்லது ஆடியோ என்ற பக்கம், அதில் டவுன்மிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அது ஓஃப் என்றோ 5.1 என்றோ இருந்தால் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். ஆறையும் மடித்து இரண்டுக்குள் போடச் சொல்வதுதான் அது, பேச்சு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிடும். எல்டி/ஆர்டி என்றும் ஒரு தெரிவு இருக்கும், அது பிரித்தெடுக்கத் தெரிந்த ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு, உங்களுக்குத் தேவையில்லை. சில பிளேயரில் மிக்ஸ் என்று எழுதிய ஒரு சோடி ஓட்டை தனியாகவே இருக்கும், இருந்தால் வெள்ளையையும் சிவப்பையும் அதற்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

அம்மாவுக்காக இன்னொன்று. அதே பகுதியில் டைனமிக் அல்லது டிஆர்சி என்று ஒரு வரி இருக்கும், சில ரிமோட்டில் நைட் மோட் என்று பொத்தானாகவே இருக்கும். அதை முழுதாக, ஃபுல் என்ற அளவுக்கு ஏற்றுங்கள். மெல்லிய சத்தத்தை உயர்த்தி, பெரிய சத்தத்தை அடக்கி, இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் குறைக்கிற வேலை அது. டொல்பி டிஜிட்டல் சத்தம் உள்ள டிஸ்க்கில்தான் வேலை செய்யும், வீசீடியில் செய்யாது. என் அப்பா கடைசி இரண்டு வருடமும் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கதைக்கும்போது கூட்டுவதும் சண்டை வரும்போது குறைப்பதுமாக இருந்தார். நான் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுடைய டெக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் அந்த ஒரு வரியை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்ற ஒரு வருடம் போனது. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அம்மா பார்ப்பது பழைய படம் என்றால் ரிமோட்டில் ஆடியோ பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒற்றைச் சத்தமாகப் பதிந்த படத்தைப் பிறகு 5.1 ஆக மாற்றிப் போட்ட டிஸ்க்குகள் உண்டு, அதே டிஸ்க்கில் 2.0 என்று பழைய சத்தமும் சேர்ந்து இருந்தால் அதையே வையுங்கள், பேச்சு தெளிவாக இருக்கும்.

கேள்வி: ரிமோட்டில் பி-ஸ்கேன் என்று ஒரு பொத்தான் இருந்தது, என்னவென்று பார்க்க அழுத்தினேன், படம் போய்விட்டது. டிவியில் கறுப்புத்தான், சிலநேரம் கோடு கோடாக ஓடுது. சத்தம் வருது. கரண்டைக் கழற்றி ஒரு நாள் முழுக்க வைத்தும் சரிவரவில்லை.
(கிண்ணியா வாசகர், வயது 17)

பதில்: தம்பி, சத்தம் வருகிறதென்றால் பிளேயர் நல்லாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். மஞ்சள் வயர் ஒரு படத்தை இரண்டு தவணையாக, முதலில் ஒற்றைக் கோடுகள், பிறகு இரட்டைக் கோடுகள் என்று அனுப்புகிற முறைக்கானது. பி-ஸ்கேன் என்பது எல்லாக் கோட்டையும் ஒரே தவணையில் அனுப்புவது. அதற்குப் பச்சை, நீலம், சிவப்பு என்ற மூன்று வயர் வேண்டும், அல்லது எச்டிஎம்ஐ வேண்டும், டிவியும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நீ மஞ்சளில் இருந்துகொண்டு வேறு வழியைத் திறந்துவிட்டாய்.

கரண்டைக் கழற்றினால் போகாது, ஏனென்றால் செட்டிங்கை அழியாத நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும். டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு அதே பொத்தானை இன்னொருமுறை அழுத்தி ஐந்து விநாடி பொறு. வரவில்லையென்றால் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடி. வி-மோட் என்று பொத்தான் இருந்தால் அது ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒவ்வொரு வழியாக மாற்றிக்கொண்டு போகும், ஒவ்வொன்றுக்கும் இடையில் டிவிக்குக் கொஞ்சம் நேரம் கொடு, அவசரப்பட்டுத் தடதடவென்று அழுத்தினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவாய். அதுவும் சரிவரவில்லையென்றால் பச்சை நீலம் சிவப்பு ஓட்டையோ எச்டிஎம்ஐயோ உள்ள டிவி இருக்கிற ஒரு வீட்டுக்கு பிளேயரைக் கொண்டுபோ. அங்கே படம் தெரியும், செட்டப்பில் வீடியோ அவுட்புட் என்பதைப் பழையபடி மாற்றிவிட்டு வா. அந்த மூன்று வயரைக் கொழுவும்போது கவனம், சத்தத்துக்கும் ஒரு சிவப்பு இருக்கிறது, படத்துக்கும் ஒரு சிவப்பு இருக்கிறது. இரண்டும் மாறினால் படத்தின் நிறம் பிழையாக வரும், ஒரு பக்கச் சத்தமும் நிற்கும்.

கேள்வி: கனடாவில் இருந்து மகள் அனுப்பிய கல்யாண டிவிடி எங்கள் டிவியில் கறுப்பு வெள்ளையாக வருகிறது. லண்டனில் இருந்து தங்கை அனுப்பியது நிறமாக வருகிறது. மகள் பிழையாக எடுத்துவிட்டாளா?
(மூதூர் வாசகர்)

பதில்: மகள் பிழை விடவில்லை ஐயா. கனடாவில் டிவிடி எழுதுவது என்டிஎஸ்சி என்ற முறையில், லண்டனிலும் இங்கே இலங்கையிலும் 'பால்' முறையில். கனடாவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், எங்களுக்கு 50, டிவி முறைகளை வகுத்தபோது அந்தந்த நாட்டுக் கரண்டைப் பார்த்தே வகுத்தார்கள். கனடா டிஸ்க்கில் படத்துக்கு 480 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம். லண்டன் டிஸ்க்கில் 576 கோடு, விநாடிக்கு 25. உங்கள் டிவி படத்தைப் பிடித்துக்கொள்கிறது, நிறத்தைக் குறித்து வருகிற முறைதான் அதற்குப் பிடிபடவில்லை, அதனால் கறுப்பு வெள்ளை.

செட்டப்பில் டிவி டைப் அல்லது டிவி சிஸ்டம் என்று ஒரு வரி. மல்டி அல்லது ஆட்டோ என்று இருந்தால் டிஸ்க்கில் என்ன முறையோ அப்படியே டிவிக்கு அனுப்பும், இரண்டு முறையும் தெரிந்த டிவிக்கு அதுதான் நல்லது. உங்களுடையதற்கு 'பால்' என்று மாற்றிவிடுங்கள். பிளேயரே உள்ளே மாற்றிக் கொடுக்கும். கமரா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்புகிற இடங்களில் படம் இலேசாகத் தட்டித் தட்டி நகரும், அது இந்த மாற்றத்தால் வருவது. தாலி கட்டும்போது கூறையின் நிறம் தெரிகிறதே, அது போதும்.

பிரான்ஸில் இருந்து டிஸ்க் வந்தவர்களும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே டிவி ஒளிபரப்பு வேறு முறையில் இருந்தது, ஆனால் டிவிடி டிஸ்க்குகள் எங்களைப் போல 576 கோடு, 25 படம்தான், மாற்ற ஒன்றுமில்லை. அப்படி வந்த டிஸ்க் ஓடவே இல்லை என்றால் பெரும்பாலும் கீறல், அல்லது எழுதி முடித்தபிறகு ஃபைனலைஸ் என்று கொடுத்து மூடாமல் விட்ட டிஸ்க்காக இருக்கும். வீட்டில் எழுதிய கல்யாண டிஸ்க்கில், வேறு நாட்டு பிளேயரில் ஓடவிடாத நாட்டுப் பூட்டு இருப்பதில்லை, கடையில் வாங்கிய ஒரிஜினல் படத்தில்தான் அது இருக்கும்.

கேள்வி: புதிதாக 32 இஞ்சி எல்இடி டிவி வாங்கினோம். பழைய டிஸ்க்கைப் போட்டால் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். வேறொரு டிஸ்க்கில் எல்லாரும் ஒல்லி. இது டிவியின் கோளாறா?
(ஓர்ஸ் ஹில் வாசகி)

பதில்: கோளாறு இல்லை அக்கா, இரண்டு பெட்டியும் தனித்தனியாகப் படத்தை இழுக்கின்றன. எங்கள் பக்கத்து டிவிடியில் ஒரு படம் என்பது பெரும்பாலும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளி. அதைப் பழைய டிவியின் 4:3 அளவுக்கு விரிப்பதா, அகலமான 16:9 அளவுக்கு விரிப்பதா என்பதை டிஸ்க்கில் ஒரு குறிப்பாக மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்து யாரோ ஒருவர் சரியாக விரிக்க வேண்டும், இரண்டு பேர் விரித்தால் குண்டு, ஒருவரும் விரிக்காவிட்டால் ஒல்லி.

முதலில் பிளேயரில் டிவி டிஸ்பிளே அல்லது ஆஸ்பெக்ட் என்பதை 16:9 என்று வையுங்கள். உங்கள் டிவி அகலம் என்பதால் இதை ஒருமுறை வைத்துவிட்டு இனித் தொடவே வேண்டாம். அதன்பிறகு மாற்றுவதெல்லாம் டிவி ரிமோட்டில். 1990களின் கல்யாண வீடியோவை டிஸ்க்கில் ஏற்றியது போன்றவற்றுக்கு டிவியை 4:3 ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அந்தப் பட்டையைக் கண்டால் பலருக்குப் பொறுக்காது, காசு கொடுத்து வாங்கிய டிவி முழுக்கப் படம் வேண்டும் என்று இழுத்துவிடுகிறார்கள். உங்கள் அம்மா அன்றைக்கு இருந்த முகம் அந்த 4:3க்குள்தான் இருக்கிறது, இழுத்தால் அது வேறு யாரோ ஒருவருடைய முகம்.

பழைய பெட்டி டிவி வைத்திருப்பவர்களுக்கு: லெட்டர்பொக்ஸ் என்று வைத்தால் மேலும் கீழும் பட்டையோடு முழுப்படமும் வரும், பான்ஸ்கேன் என்று வைத்தால் திரை நிறையும், ஆனால் பக்கங்களில் நிற்கிற ஆட்கள் வெட்டுப்படுவார்கள். நான் லெட்டர்பொக்ஸ் பக்கம்.

கீழே வருகிற எழுத்து பாதி வெட்டுப்படுகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது டிவி ஓரத்தைச் சற்றே வெட்டிக் காட்டுகிற பழைய பழக்கம். எச்டிஎம்ஐயில் கொழுவியிருந்தால் டிவியின் பட அளவுப் பகுதியில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்க்ரீன் ஃபிட் என்று இருக்கும், அதைத் தெரிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய பாட்டு வீசீடி. இசை வருகிறது, பாடுகிற குரல் இல்லை.
(பாலையூற்று வாசகர்)

பதில்: கரோக்கே முறையில் பதிந்த வீசீடி. ஒரு பக்கம் இசை மட்டும், மறுபக்கம் குரலும் சேர்ந்தது. ரிமோட்டில் ஆடியோ அல்லது எல்/ஆர் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் குரல் வருகிற பக்கம் வரும். ஒரு பக்க வயர் கழன்றிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதையும் பாருங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐ வயரில் படம் நல்ல தெளிவு, ஆனால் சில டிஸ்க்கில் மட்டும் சத்தமே இல்லை. 1080 என்று வைத்தால் இன்னும் தெளிவாகுமா? விலை கூடிய வயர் வாங்க வேண்டுமா?
(நிலாவெளி வாசகர்)

பதில்: ஆரம்பத்தில் பிளேயருக்கு டிவியைத் தெரியாது என்றேன், எச்டிஎம்ஐ வயர் மட்டும் அதற்கு விதிவிலக்கு. உன்னால் என்னென்ன காட்டமுடியும் என்று பிளேயர் டிவியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆனால் செட்டப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை யாராவது ரோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று கையால் வைத்திருந்தால், டிஸ்க்கில் சுருக்கிப் பொதிந்து வைத்த சத்தத்தை உரிக்காமல் அப்படியே டிவிக்கு அனுப்பிவிடும். டிடிஎஸ் என்ற முறையில் பதிந்த சத்தத்தைப் பல டிவிகளுக்கு உரிக்கத் தெரியாது, அதனால் அந்த டிஸ்க்குகளில் மட்டும் ஊமை. பிசிஎம் என்று மாற்றுங்கள், பிளேயரே உரித்துக் கொடுக்கும். மாற்றியும் வரவில்லையென்றால் உங்கள் பிளேயருக்கே டிடிஎஸ் தெரியாது, ஆடியோ பொத்தானை அழுத்தி டொல்பி சத்தத்துக்கு மாறுங்கள். தனியாக ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக பிட்ஸ்ட்ரீமில்தான் வைக்க வேண்டும்.

1080 பற்றி: டிஸ்க்கில் இருப்பது 576 கோடு, இல்லாததை எந்தப் பெட்டியாலும் உண்டாக்க முடியாது. பெரிதாக்குகிற வேலையைப் பிளேயர் செய்வதா டிவி செய்வதா என்பதுதான் கேள்வி. 576 என்று வைத்து ஐந்து நிமிடம், 1080 என்று வைத்து அதே காட்சியை ஐந்து நிமிடம் பாருங்கள், தலைமயிரும் எழுத்தின் விளிம்பும் எதில் இயல்பாக இருக்கிறதோ அதிலேயே விடுங்கள். வயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம், ஒன்றரை மீற்றர் தூரத்துக்குச் சாதாரண வயர் தாராளம். எச்டிஎம்ஐயில் வயர் பழுதென்றால் படம் மினுங்கும், புள்ளி புள்ளியாகும், அல்லது முற்றாகப் போகும். வயரால் நிறம் மங்குவதில்லை.

கேள்வி: வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.
(தம்பலகாமம் வாசகர்)

பதில்: புது டிவிகள் படத்தை மெருகூட்ட நேரம் எடுக்கின்றன, சத்தம் தனிப் பெட்டியில் வந்தால் அது முந்திவிடும். பிளேயரிலோ ஹோம் தியேட்டரிலோ ஆடியோ டிலே என்று இருந்தால் 40, 80 என்று மில்லிவிநாடிக் கணக்கில் ஏற்றிப் பாருங்கள். 40 என்பது எங்கள் முறையில் ஒரு படத்துக்கான நேரம். டிலே இல்லையென்றால் டிவியை கேம் மோடில் வைத்தால் அந்த மெருகூட்டலில் பெரும்பகுதி நின்றுவிடும்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரம். செட்டப்பில் எல்லாம் நீங்கள் முன்பு சொன்னபடிதான் இருக்கிறது, ஆனாலும் சத்தம் கரகரவென்று வந்து வந்து போகிறது. வயரை ஆட்டினால் வருகிறது.
(திருக்கடலூர் வாசகர்)

பதில்: உங்களுக்குச் செட்டிங்கில் வேலை இல்லை. அது உப்புக் காற்று. எங்கள் திருகோணமலையில் கடல் மூன்று பக்கமும் இருக்கிறது, கதவு சன்னல் கொளுக்கியைத் தின்கிற அதே காற்றுத்தான் இந்தச் சின்ன ஓட்டைகளையும் தின்கிறது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும்.

டிவி, பிளேயர் இரண்டின் கரண்ட் பிளக்கையும் சுவரில் இருந்து கழற்றுங்கள், சுவிட்சை ஓஃப் பண்ணுவது மட்டும் போதாது. ஐசோபுறோப்பைல் அல்ககோல் மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் எலக்ட்ரோனிக் சாமான் விற்கிற கடையில் கொன்டாக்ட் கிளீனர் கேளுங்கள். காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டு ஓட்டையின் வெளி வளையத்தையும் உள்ளையும் துடையுங்கள், பிளக்கின் நடுக் குச்சியையும் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு பிளக்கைச் செருகி நாலைந்து தரம் இடமும் வலமுமாகத் திருகுங்கள். அரைமணித்தியாலம் காயவிட்டுக் கரண்டைக் கொடுங்கள். இதன்பிறகும் வயரை ஆட்டினால்தான் சத்தம் வருகிறதென்றால் ஓட்டையை உள்ளே சர்க்கிட் போர்டோடு பிடித்திருக்கிற ஈயம் விட்டுப்போயிருக்கிறது, அதற்கு மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள், ஈயம் வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள்.